எட்டு நாள், அறுபத்திரண்டு படங்கள்

– என்னங்க, போட்டோவை ஏன் இப்படி ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாக்கறீங்க?

– வெளிச்சத்துல பாத்தாத்தானே தெரியும்.

– அது போட்டோ. எக்ஸ்ரே இல்ல. மேசையில வெச்சாலே தெரியும்.

– முப்பத்தொரு வருஷப் பழக்கம். கை தானா மேல போகுது.

– ஆஸ்பத்திரியிலதான் நீங்க எக்ஸ்ரேக்காரர். வீட்டுக்கு வந்தா மனுஷனா இருங்களேன். கீழ வைங்க, விரல் ரேகை படுது.

– சரி, சரி... மொத்தம் எத்தனை?

– அறுபத்திரண்டு. எட்டு நாள் டூருக்கு அறுபத்திரண்டு படம். இதுல ஒண்ணே ஒண்ணைத்தான் நாளைக்கு நான் எடுத்துட்டுப் போகப் போறேன்.

– ஒண்ணு போதுமா? பையில இடம் இருக்கு.

– பையில இருக்கு. வார்டுல கட்டில் பக்கத்து அலமாரி எவ்வளவு பெரிசுன்னு உங்களுக்குத் தெரியாதா? தண்ணி பாட்டில், மாத்திரை, துண்டு... அதுக்கு மேல ஒரு படம் சாஞ்சு நிக்கும். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிக்கும்போது முதல்ல அதைத்தான் பாக்கணும். நல்லதா ஒண்ணு தேடுங்க.

– கண்ணு முழிக்கும்போது எதிர்ல நான் இருப்பேனே.

– உங்களை இருபத்தெட்டு வருஷமா பாத்தாச்சு. கடலு, மலைன்னு ஏதாவது காட்டுங்க.

– நாளைக்கு எட்டு மணிக்குத்தானே உள்ள கூட்டிட்டுப் போவாங்க?

– எட்டு மணிக்குத்தான். காலையிலேர்ந்து இதோட அஞ்சு தடவை கேட்டாச்சு. கட்டி எனக்கா, உங்களுக்கா?

– சும்மா கேட்டேன்.

– சும்மா கேக்காதீங்க, இதைப் பாருங்க. அருவி. பதினோரு பேர் வரிசையா நிக்கறோம். ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் கன்னம் உப்பியிருக்கு.

– தண்ணி சத்தம் ஜாஸ்தி...

– தண்ணி சத்தத்துக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கதானே கத்தினீங்க. ‘மூச்சை நல்லா உள்ள இழுங்க... பிடிங்க... அசையாதீங்க!’

– அசைஞ்சா படம் கெட்டுடும்.

– பஸ்ல வந்தவங்க அத்தனை பேரும் நல்லவங்க. சொன்ன பேச்சுக் கேட்டு அப்படியே மூச்சைப் பிடிச்சுட்டு நின்னாங்க. நீங்க படத்தை எடுத்துட்டு ‘விடலாம்’னு சொல்லவே மறந்துட்டீங்க. அந்தத் தொப்பிக்காரர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிடுச்சு.

– அப்புறம் விட்டார்ல?

– அவர் பொண்டாட்டி முதுகுல ஒண்ணு வெச்சாங்க, அப்புறம்தான் விட்டார்.

– ஹா... அந்த அம்மா கை நல்ல கனம்.

– சிரிக்காதீங்க. இதைப் பாருங்க, கடற்கரையில அந்தப் புதுசா கல்யாணம் ஆன ஜோடி. நேர்ல ஒண்ணு... ஐயையோ, பக்கவாட்டுல ஒண்ணு!

– ரெண்டு கோணத்துல எடுத்தாத்தான் முழுசாத் தெரியும்.

– என்ன தெரியணும்? பிள்ளைங்களுக்கு நிமோனியாவா? ‘கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத் திரும்பி நில்லும்மா’ன்னு சொல்லியிருக்கீங்க. பாவம், ரெண்டும் கையைத் தூக்கிட்டு நிக்குது, போலீஸ்ல சரணடைஞ்ச மாதிரி.

– அந்தப் பையன் ‘பிரமாதம் சார்’னு சொன்னான்.

– மூச்சு விட அனுமதி கிடைச்சதே, அந்த சந்தோஷம். பின்னால என்ன எழுதியிருக்கீங்க... தேதி, நேரம்... ‘இ’, ‘வ’. இது என்ன?

– இடது, வலது.

– கடலுக்கு இடது வலது எதுக்குங்க?

– பின்னாடி பாக்கறவங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது.

– உங்களைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே... ஊர் உலகத்துல பொண்ணு பாக்க வந்தா முகத்தைப் பாப்பாங்க. நீங்க என் எலும்பைப் பாத்துட்டுத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க.

– எலும்பு இல்ல, விரல். தையல் மெஷின் ஊசி உடைஞ்சு உன் ஆள்காட்டி விரல்ல ஏறியிருந்தது. ஃபிலிம்ல பளிச்சுன்னு தெரிஞ்சது.

– வலி உயிர் போகுது. நீங்க என்னடான்னா ஃபிலிமைப் பாத்து ‘அழகா விழுந்திருக்கு’ன்னீங்க.

– படத்தைச் சொன்னேன்.

– அது எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதுக்குள்ள கல்யாணத் தேதி குறிச்சாச்சு.

– அப்ப ஏமாத்திட்டேன்ங்கற?

– ஏமாந்துட்டேன்ங்கறேன். அடுத்தது எடுங்க... இது யாரு? ஓ, லாட்ஜ்ல நம்ம ரூம் பெருக்க வருமே, அந்தப் பொண்ணு.

– நீ அதோட சட்டைப் பையைத் தைச்சுக் கொடுத்தியே.

– கிழிஞ்சு தொங்கிட்டிருந்தது. சாவிக்கொத்து விழுந்துக்கிட்டே இருக்கு, மேனேஜர் திட்டறார்னு சொல்லுச்சு. என் பையில ஊசியும் நூலும் இருந்தது.

– ஊர் சுத்தப் போறவ ஊசி நூல் எடுத்துட்டுப் போவாளா?

– ஊர் சுத்த வந்த நீங்க எல்லாரையும் பக்கவாட்டுல நிக்க வைக்கலையா? ஆஸ்பத்திரித் தையல் ரூம்ல இருபத்தொன்பது வருஷம் உக்காந்தவ ஊசி இல்லாம எங்க போவா?

– கடைசி நாள் அது ரெண்டு சோப்பு கூடுதலா வெச்சுட்டுப் போச்சு.

– அதுகிட்ட இருந்தது அதுதான். மனசாரக் கொடுத்துச்சு. இன்னும் பிரிக்காம வெச்சிருக்கேன்.

– ஒண்ணு பையில வைக்கட்டா, நாளைக்கு?

– வைங்க... நாளைக்கு எனக்கு ஒரு பச்சை கவுன் கொடுப்பாங்க இல்ல, அது நான் தைச்சதாத்தான் இருக்கும்.

– போன வருஷம் மட்டும் நூத்தியிருபது தைச்சே.

– அதுல ஒரு அம்பதுக்கு நாடா குட்டையா வெச்சுட்டேன். துணி பத்தலை. முதுகுல முடிச்சுப் போடறதுக்குள்ள நர்ஸுங்க என்னைத் திட்டுவாங்க. அதுல ஒண்ணு எனக்கு வந்தா நல்லா வேணும்.

– நான் காலையில முன்னாடியே போய், நீள நாடாவா பாத்து எடுத்து வைக்கறேன்.

– வேண்டாம். அப்ப குட்டை நாடா வேற யாருக்காவது போகும். எனக்கே வரட்டும்.

– உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

– சொல்லுங்க.

– அது வந்து...

– ம்?

– இந்த ஃபேன் சத்தம் போடுது. எண்ணெய் விடணும்.

– அதைச் சொல்றதுக்கா மூஞ்சியை இவ்வளவு தூரம் தொங்கப் போட்டீங்க? அது பொண்ணு பிறந்த வருஷத்துலேர்ந்து சத்தம் போடுது. நேத்திலேர்ந்து இதோட மூணாவது தடவை ‘ஒண்ணு சொல்லணும்’னு ஆரம்பிக்கறீங்க. முதல் தடவை பால் திரிஞ்சுடுச்சுன்னீங்க. ரெண்டாவது தடவை குடை எங்கன்னு கேட்டீங்க.

– குடையைக் காணோமே.

– கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு. இருபது வருஷமா அங்கதான் மாட்டறோம்... சரி, சொல்ல வரும்போது சொல்லுங்க. ஆனா நாளைக்கு எட்டு மணிக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் மயக்க மருந்து கொடுத்துட்டா எனக்குக் காது கேக்காது.

– அடுத்த படத்தை எடு.

– கலங்கரை விளக்கம். இது நான் எடுத்தது. வாசல்ல நின்னுட்டு அண்ணாந்து பாக்கறீங்க.

– நூத்தித் தொண்ணூறு படி.

– ஏறினா மாதிரி சொல்றீங்க!

– பலகையில எழுதியிருந்தது. நீயும்தான் ஏறலை. செருப்பு வார் அறுந்துடுச்சுன்னு உக்காந்துட்டே.

– வார் அறுந்தது நிஜம்... நீங்க ஏன் ஏறலை? முட்டி வலின்னீங்க. மறுநாள் பாறை மேல ஆட்டுக்குட்டி மாதிரி தாவினீங்களே, அந்த முட்டி எங்க போச்சு?

– வலி விட்டுப்போச்சு.

– நல்ல முட்டி.

– உன்னைக் கீழ விட்டுட்டு மேல போய் என்ன பாக்கறது? கீழ நின்னு பாத்தாலும் அதே கடல்தானே. ஒரு டீயை வாங்கி ரெண்டா ஊத்திக் குடிச்சோம். அது நல்லா இருந்தது.

– டீ நல்லாவே இல்ல. ஆனா நல்லா இருந்தது... இது என்ன, யார் வீட்டு மொட்டை மாடியோ! கொடியில துணி காயுது.

– அதை நீதான் எடுத்தே. பஸ் ஜன்னல்லேர்ந்து.

– ஆமா. அவ்வளவு தூரம் போய், புதுசா ஒரு ஊரு, பெரிய பெரிய கட்டடம்... எனக்கு இந்தக் கொடிதான் பிடிச்சது. ஒரு பெரிய சட்டை, ஒரு சின்ன சட்டை, நடுவுல ஒரு கிழிஞ்ச துண்டு. யாரோ காலையில எழுந்து துவைச்சு, உதறி, கிளிப் போட்டுட்டு வேலைக்குப் போயிருக்காங்க. மழை வந்தா யார் எடுப்பாங்கன்னு அன்னைக்குப் பூரா நினைச்சுட்டிருந்தேன்.

– அன்னைக்கு மழை வரலை.

– தெரியும். வரக்கூடாதுன்னு சாமிகிட்ட சொன்னேன்.

– ஊர் பேர் தெரியாத வீட்டுத் துணிக்கா?

– சாமிக்கு ஊர் பேர் தெரியுமே... இருங்க, போன் அடிக்குது. ஹலோ, சொல்லுடா கண்ணு... சாப்பிட்டேன்... அப்பாவும் சாப்பிட்டார்... ரயில் ஏறியாச்சா? ஜன்னல் பக்கம் கிடைச்சதா?... ஏய், அழாதே. அழாதேன்னு சொல்றேன் இல்ல! நாங்க இங்க போட்டோ பாத்து சிரிச்சுட்டிருக்கோம்... ஆமா, உங்க அப்பா ஊரையே மூச்சுப் பிடிக்க வெச்சிருக்கார்... வா, வந்ததும் காட்டறேன். வெச்சுடறேன்... பொண்ணு காலையில ஆறு மணிக்கு வந்துடுவாளாம். ஸ்டேஷன்லேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்கு.

– அழுதாளா?

– உங்க பொண்ணாச்சே.

– நான் எங்க அழுதேன்?

– நேத்து குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு...

– முகம் கழுவினேன்.

– அரை மணி நேரம். மேல் தொட்டி காலி. கீழ் வீட்டுக்காரங்க வந்து பைப் உடைஞ்சுபோச்சான்னு கேட்டாங்க.

– அடுத்த படம்.

– எடுக்கறேன், எடுக்கறேன். இது எங்கங்க? வெறும் ரோடு. ஒரு மைல்கல்லு. பக்கத்துல ஒரு நாய்.

– பஸ் நின்னு போச்சே, அந்த இடம்.

– ஆமா! மூணு மணி நேரம். எல்லாரும் டிரைவரைத் திட்டித் தீர்த்துட்டாங்க.

– நீ மட்டும் அவருக்குத் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தே.

– முகமெல்லாம் கிரீஸோட வண்டிக்கு அடியில கிடந்தார். திட்டினா வண்டி நகருமா? தண்ணி கொடுத்தா மனுஷனாவது கொஞ்சம் எழுந்து உக்காருவார்.

– அப்புறம் தொப்பிக்காரர் பொண்டாட்டி பாட ஆரம்பிச்சாங்க.

– அதுக்கு நீங்க டிபன் டப்பாவுல தாளம். பாட்டு ஒரு பக்கம் போகுது, தாளம் ஒரு பக்கம் போகுது. நாய் எழுந்து போயிடுச்சு.

– திரும்பி வந்துச்சு.

– அடுத்த பாட்டுக்கு நீங்க தட்டலை, அதான் வந்துச்சு. இந்தப் படத்துல நான் ஏன் இல்ல?

– நீ சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டே. அப்ப எடுத்தா நல்லா இருக்காதேன்னு நாயை எடுத்தேன்.

– இதைத் தனியா வைங்க.

– நாயையா? கண்ணு முழிச்சதும் நாயைப் பாக்கப் போறியா?

– தனியா வைங்கன்னா வைங்க... இதைப் பாருங்க. மலை மேல அந்தப் பிரார்த்தனை மண்டபம். கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கீங்க.

– இதை எப்ப எடுத்தே? எனக்குத் தெரியவே தெரியாது.

– எப்படித் தெரியும்? கால் மணி நேரம் கண்ணையே திறக்கலை. வெளியில டிரைவர் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறார். வீட்டுல சாமி கும்பிடச் சொன்னா பத்து எண்றதுக்குள்ள எழுந்துடற ஆளு. அன்னைக்கு என்ன அவ்வளவு நேரம் வேண்டிக்கிட்டீங்க?

– வெளிய விட்ட செருப்பு பத்திரமா இருக்கணும்னு.

– உங்க செருப்பை யாரு தொடப் போறா? நிஜத்தைச் சொல்லுங்க.

– வேண்டிக்கிட்டதை வெளிய சொல்லக் கூடாது.

– கன்னத்துல ஈரம். பாருங்க, மின்னுது.

– வேர்வை.

– மலை மேல. அந்தக் குளிர்ல. சரி, வேர்வைன்னே வெச்சுக்குவோம்... என்னங்க, இது என்ன? என் தலை எங்க?

– எங்க, காட்டு.

– இது, இது, இது... படகுத்துறை, பூங்கா, பாலம். எல்லாத்துலயும் நெத்தி இல்ல. இதுல மூக்குக்கு மேலயே காணோம். தொப்பிக்காரர் முழுசா இருக்கார். அந்த ஜோடி முழுசா இருக்கு. நாய் கூட வாலோட இருக்கு. எனக்கு மட்டும் தலை இல்ல.

– கை ஆடியிருக்கும்.

– நீங்க கை ஆடற ஆளா? இருங்க, எண்றேன். ...பத்து, பதினொண்ணு... பதினாலு. பதினாலு படத்துல முழு முகம் இல்லாம இடுப்பு வரைக்கும்தான் இருக்கேன். நட்ட நடுவுல என் நெஞ்சு.

– பழக்கம்... நெஞ்சுப் படமே எடுத்து எடுத்து...

– பழக்கம்னா எல்லாருக்கும்தானே வரணும்?

– கொஞ்சம் தண்ணி கொடு.

– இந்தாங்க, குடிங்க.

– குடிக்கறேன்... நீ இப்படி வா. எதிர்ல வேண்டாம், பக்கத்துல உக்காரு. முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது.

– உக்காந்தாச்சு. சொல்லுங்க.

– ஊர்லேர்ந்து வந்ததும், இந்தத் திங்கக்கிழமை உனக்குப் படம் எடுத்தேனே... அதுல நிழல் தெரியுதுன்னுதானே உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

– ஆமா.

– அது ரெண்டாவது படம். முதல் படம் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்தது. ரெண்டு வாரமா இருமல் விடலைன்னு மதியம் சாப்பாட்டு நேரத்துல என் ரூமுக்கு வந்தியே. சும்மா ஒரு படம் எடுத்துப் பாக்கலாம்னேன். அப்புறம், ‘நீ அசைஞ்சுட்டே, ஃபிலிம் கெட்டுப்போச்சு, ஊருக்குப் போய்ட்டு வந்து எடுத்துக்கலாம்’னு சொன்னேன்.

– சொன்னீங்க.

– கெடலை. முப்பத்தொரு வருஷத்துல அவ்வளவு தெளிவா நான் ஒரு படம் எடுத்ததில்ல. வலது பக்கம், கீழ... சட்டைப் பொத்தான் அளவுக்கு, வெள்ளையா. எத்தனையோ பேருக்கு நான் அதைப் பாத்திருக்கேன். ‘டாக்டர் சொல்வார், போங்க’ன்னு உறையில போட்டுக் கொடுத்து அனுப்பிடுவேன். அன்னைக்கு அந்த ஃபிலிமைக் கையில வெச்சுட்டு நின்னேன். யாருகிட்ட கொடுத்து அனுப்பறது? டிக்கெட் எடுத்தாச்சு. நீ சக்கரம் வெச்ச புதுப் பெட்டி வாங்கிட்டு வந்து, கூடத்துல இப்படியும் அப்படியும் உருட்டிப் பாத்துட்டிருந்தே. நாளைக்கே உன்னை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுடுவாங்க, அப்புறம் எப்பவோ, என்னவோன்னு... எட்டு நாள்தானேன்னு நினைச்சுட்டேன். ஃபிலிமை ஒளிச்சு வெச்சுட்டேன். உங்கிட்டயும் சொல்லலை, டாக்டர்கிட்டயும் சொல்லலை. எண்ணிப் பாத்தா மொத்தமா பதிமூணு நாள். அந்த மண்டபத்துல உக்காந்து அதைத்தான் கேட்டேன். இந்தப் பதிமூணு நாள்ல அது வளரக் கூடாது, வளர்ந்தா அந்தப் பாவம் எனக்கு...

– மெதுவா. மெதுவாச் சொல்லுங்க.

– கேமராவைத் தூக்கினா உன் முகமே தெரியலை. அந்தப் பொத்தான்தான் தெரிஞ்சது. பதினாலு படம்னு நீ எண்ணினப்பதான் எனக்கே தெரியுது. தப்புப் பண்ணிட்டேன். உன் உடம்பு. நான் யாரு அதுல முடிவு பண்ண? நாளைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லாம விட்டா நான் மனுஷனே இல்ல. திட்டு. ஏதாவது சொல்லேன்.

– அந்த ஃபிலிமை எங்க வெச்சீங்க?

– அதுவா இப்ப முக்கியம்?

– எங்க வெச்சீங்க?

– என் ரூம் அலமாரியில.

– கீழ்த்தட்டுல. மடிச்சு வெச்ச, எக்ஸ்ரே எடுக்கறப்ப நீங்க மேல போட்டுக்கற பழைய ஈய அங்கிக்கு அடியில. பழுப்பு உறையில, மேல பேர் எழுதாம.

– ...உனக்கு எப்படி...

– ஈய அங்கியோட மேலுறை கிழிஞ்சா யாரு தைக்கறது?

– தையல் ரூம்ல...

– தையல் ரூம்னா யாரு?

– நீதான்.

– மறுநாள் புதன்கிழமை வந்தேன். நீங்க மெஷினைத் தள்ளிக்கிட்டு வார்டுக்குப் போயிருந்தீங்க. தைக்கலாம்னு அங்கியைத் தூக்கினா உறை கால்ல விழுந்தது. உறை மேல பேர் எழுதலை. ஃபிலிம் மூலையில என் பேரு, வயசு, தேதி, நேரம் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. ஒளிச்சு வெக்கற படத்துலயும் ஒழுங்கா எழுதற ஆளு நீங்க ஒருத்தர்தான்.

– பாத்தியா?

– பாத்தேன். ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுத்தான். எனக்கு ஒண்ணும் புரியாது, பொத்தான் மட்டும் புரியும். இருக்கக்கூடாத இடத்துல ஒண்ணு இருந்தது. மேல மாடிக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், ஆரம்பத்துலயே பாத்தாச்சுன்னார். அப்புறம் கீழ வந்து, இருந்த மாதிரியே அங்கிக்கு அடியில வெச்சுட்டேன். அங்கியைத் தைக்கலை. தைச்சா நான் வந்தது உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

– அதான் அது இன்னும் கிழிஞ்சே கிடக்குதா!

– உடம்பு தேறி வந்து தைச்சுக் கொடுக்கறேன்.

– அப்ப... எட்டு நாளும் உனக்குத் தெரியும்.

– தெரியும்.

– அந்தக் கலங்கரை விளக்கத்துல...

– வாரை நான்தான் இழுத்து அறுத்தேன். படி ஏறினா மூச்சு வாங்கும், நீங்க பாத்தா பயந்துடுவீங்க.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– நீங்க சொன்னீங்களா? வேளைக்கு ஒரு தடவை ‘நல்லா இருக்கா, பிடிச்சிருக்கா’ன்னு கேட்டுட்டே இருந்தீங்க. ராத்திரி நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, மூச்சு சரியா வருதான்னு மூக்குக்குக் கீழ விரல் வெச்சுப் பாத்தீங்க. அவ்வளவு பாடுபட்டு ஒரு மனுஷன் என்னைச் சந்தோஷமா வெச்சுக்கப் பாக்கறார். அதுக்கு நடுவுல போய், ‘எனக்கு எல்லாம் தெரியுங்க’ன்னு எப்படிச் சொல்றது?

– அப்ப நீ சிரிச்சதெல்லாம்? இந்த அறுபத்திரண்டு படமும் நடிப்பா?

– முதல் மூணு நாள் நடிப்புதான். பொய் சொல்ல மாட்டேன். அருவியில எல்லாரும் மூச்சைப் பிடிச்சாங்க, நான் அழுகையைப் பிடிச்சுட்டு நின்னேன். நாலாவது நாள் பஸ் நின்னுச்சு. நீங்க டப்பாவைத் தட்டினீங்க. அப்ப மறந்துட்டேங்க. மறக்கணும்னு மறக்கலை, தானா மறந்துபோச்சு. மூணு மணி நேரம் அந்தப் பொத்தான் என் உடம்புல இல்ல. அதான் நாய்ப் படத்தைத் தனியா வைக்கச் சொன்னேன். நாளைக்கு அதுதான் என் கூட வரும்... குழாயைத் திறந்து விடவா?

– சும்மா இரு... இரு, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

– துண்டால துடைக்காதீங்க, கீறல் விழும். கொடுங்க, நான் துடைக்கறேன்.

– ஆனாலும் என் மனசு ஆறலை. பதிமூணு நாள் பதிமூணு நாள்தானே. நான் மட்டும் அன்னைக்கே உன் கையைப் பிடிச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, எப்பவோ முடிஞ்சிருக்கும். திங்கக்கிழமை போனப்பவே பாரு, வெள்ளிக்கிழமை இடம் இருக்குன்னு உடனே கொடுத்துட்டார். ஒவ்வொருத்தர் எத்தனை வாரம் காத்திருக்காங்க! கடவுள் கண்ணைத் திறந்தார்னு நான் வராந்தாவுல நின்னு கும்பிட்டேன். முன்னாடியே போயிருந்தா முன்னாடியே...

– திங்கக்கிழமை டாக்டர் முகத்தைப் பாத்தீங்களா? ஃபிலிமைப் பாத்துட்டு நெஞ்சுல கையை வெச்சு ‘அடடா’ன்னாரே.

– ஆமா, பாவம். ரொம்ப வருத்தப்பட்டார்.

– அவருக்கு நடிக்கவே வரலைங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம, இருமற மாதிரி குனிஞ்சுட்டேன்.

– நடிப்பா? என்ன சொல்ற நீ?

– நாளைக்கு எட்டு மணிங்கறது திங்கக்கிழமை கிடைச்ச தேதி இல்லைங்க, ஊருக்குக் கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி நான் கேட்டு வாங்கின தேதி. ‘அடுத்த வெள்ளிக்கிழமையே ஒரு இடம் இருக்கு, பண்ணிடலாமா’ன்னுதான் அவர் முதல்ல கேட்டார். ஒரு வாரம் தள்ளினா ஏதாவது ஆகுமான்னேன். ஒண்ணும் ஆகாதுன்னு உறுதியாச் சொன்னார். அப்ப அந்த இடத்தைக் காத்திருக்கற வேற யாருக்காவது கொடுத்துடுங்க டாக்டர், எங்க வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா சேர்ந்தாப்பல எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கார், அந்தச் சீட்டை அவர் கிழிச்சுப் போடும்படி பண்ணிடாதீங்கன்னு, நான்தாங்க கேட்டுக்கிட்டேன்.